மிருகம் இல்லாத காடு

வீடு,
ஜூலை 6

அன்புள்ள சுண்டுவுக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் கடவுள் புண்ணியத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறோம். உன் தலைவலி விட்டதா, கண்ணாடி மாற்றினாயா என்பதை முதல் வரியிலேயே எழுது. மற்றதெல்லாம் அப்புறம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். போனில் நீ "சாப்டியாக்கா" என்பாய், நான் "ஆச்சு" என்பேன், அத்தான் பின்னாலிருந்து "அவளையும் சாப்பிடச் சொல்லு" என்பார். அதோடு சரி. எழுத உட்கார்ந்தால்தான் எனக்குப் பேச்சு வருகிறது.

நேற்று மாடி வீட்டு அம்மா உன்னைப் பற்றி விசாரித்தாள். எம்.எஸ்ஸி. உயிரியல், இரண்டாம் வருஷம் என்றேன். டாக்டருக்கா என்றாள், இல்லை என்றேன். டீச்சருக்கா என்றாள், தெரியவில்லை என்றேன். "அப்ப எதுக்குப் படிக்கிறா?" என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி உள்ளே வந்துவிட்டேன். நான் எட்டாவதோடு நின்றவள். மிச்சத்தை உன் பழைய பாடப் புத்தகங்களை அடுப்படியில் பிரித்து வைத்துக்கொண்டு படித்தவள். அதில் முதல் பாடமே உயிர் என்றால் என்ன என்பதுதான். மூச்சு விடும், தின்னும், வளரும், அசையும் என்று அடையாளம் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். அதற்கு மேல் இத்தனை வருஷம் படிக்க என்ன இருக்கிறது என்று ஒரு வரி எழுது. மாடி வீட்டு அம்மாவுக்கு இல்லை, எனக்கு.

வியாழக்கிழமை துரைக்குப் பிறந்த நாள். என் பிள்ளை இருந்திருந்தால் பதினெட்டு முடிந்திருக்கும், உன்னைப் போல் காலேஜுக்குக் கிளம்பியிருப்பான். சாமி முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தேன். வேறு விசேஷம் இல்லை.

பத்திரமாக இரு.

உன் அக்கா

ஹாஸ்டல்,
ஜூலை 21

அன்புள்ள அக்காவுக்கு,

தலைவலி விட்டது, கண்ணாடி மாற்றியாயிற்று. முதல் வரி முடிந்தது. உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? அத்தானுக்கு இருமல் நின்றதா?

நீ கேட்ட ஒரு வரியை எழுத நாலு காகிதம் கிழித்தேன். என் ஆராய்ச்சிக்கு மேடம் ஒரு பிராணியைக் கொடுத்திருக்கிறார். நீர்க்கரடி என்று பெயர். சுவரிலும் கூரையிலும் படர்கிறதே பாசி, அதற்குள் குடியிருக்கிறது. கடுகைப் பூசணிக்காய் என்று வைத்துக்கொண்டால் இது அதன்மேல் உட்கார்ந்திருக்கும் எலி. எட்டுக் கால், கால் நுனியில் நகம், கண்ணாடி மாதிரி உடம்பு. நடக்கும்போது பார்த்தால் தூக்கத்திலிருந்து எழுந்த குழந்தை மாதிரி தள்ளாடும்.

பாசி காய்ந்தால் இதுவும் காய்ந்துவிடும். எட்டுக் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டு ஒரு பீப்பாய் மாதிரி சுருண்டுவிடும். அப்புறம் மூச்சு இல்லை, தீனி இல்லை, வளர்ச்சி இல்லை, அசைவு இல்லை. உன் பாடத்தில் இருக்கிற நாலு அடையாளமும் போய்விட்டது. ஆனால் செத்துப்போகவில்லை அக்கா. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் எழுந்து நடக்கிறது. எத்தனை காலம் அப்படிக் கிடக்க முடியும் என்பதுதான் என் கேள்வி. இதற்காகத்தான் படிக்கிறேன்.

ஒரு உதவி செய். துவைக்கிற கல்லுக்குப் பின்னால் இருக்கிற சுவரில் பாசி இருக்குமே, நாங்கள் உன் நல்ல கரண்டியால் சுரண்டி அடி வாங்கிய சுவர், அதிலிருந்து கொஞ்சம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
சுண்டு

வீடு,
ஆகஸ்ட் 5

அன்புள்ள சுண்டு,

இங்கே சுகம். முட்டிவலி இருக்கிறது, அது இருந்தால்தான் நான் இருக்கிறேன் என்று தெரிகிறது. அத்தானுக்கு இருமல் நின்று தும்மல் ஆரம்பித்திருக்கிறது.

பாசி அனுப்பியிருக்கிறேன். ஒரு படிக்கிற இடத்துக்கு அழுக்கோடு அனுப்பலாமா என்று மூன்று தண்ணீரில் அலசினேன். சோப்பு கொஞ்சம்தான் போட்டேன். மாடியில் நல்ல வெயிலில் தட்டில் பரப்பி மொறுமொறுவென்று காயவைத்தேன். வழியில் பூச்சி விழுந்துவிடக் கூடாதே என்று இரண்டு அந்துருண்டையும் உள்ளே வைத்திருக்கிறேன். சுவரின் எந்தப் பக்கம், என்றைக்கு எடுத்தது, முந்தின நாள் மழையா வெயிலா எல்லாம் சீட்டில் இருக்கிறது. சீட்டு எழுதாமல் ஒரு பொருளை வைத்தால் எனக்குத் தூக்கம் வராது என்பது உனக்குத் தெரியும்.

'நாங்கள்' என்று எழுதியிருந்தாய். அன்றைக்கு உங்கள் இரண்டு பேரையும் அடித்த கரண்டி இன்னும் அடுப்படியில்தான் இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

ஹாஸ்டல்,
ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்கா,

நான் சுகம். அத்தானின் தும்மலுக்கு என் வாழ்த்து.

கவரைப் பிரித்ததும் லேப் முழுக்க வாசனை. என் சீனியர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "இது பாசியா, உங்க அக்காவோட துணி பீரோவா?" என்று கேட்டாள். சீட்டை மட்டும் மேடம் வாங்கிப் படித்தார். "இந்த மாதிரி எழுத உங்க யாருக்காவது வருதா?" என்று எங்களைத் திட்டினார். சந்தோஷப்படு.

ஆனால் உள்ளே எதுவும் எழுந்திருக்கவில்லை அக்கா. சோப்பு, வெயில், அந்துருண்டை, இந்த மூன்றில் ஒன்று தப்பித்தாலும் இன்னொன்று விடாது. அலசாதே, நிழலில் மெதுவாகக் காயட்டும். காய நேரம் கொடுத்தால்தான் அதற்குக் காலை மடக்கிக்கொள்ள அவகாசம் கிடைக்கும். சாதாரணக் காகிதத்தில் மடித்து அப்படியே அனுப்பு. அழுக்கோடு.

சுண்டு

வீடு,
ஆகஸ்ட் 31

சுண்டு,

சுகம். எத்தனை உயிரைச் சோப்புப் போட்டுக் கொன்றேனோ. சாமியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் மறுபடி சுவர்ப்பக்கம் போனேன். நிழலில் காய்ந்தது இதோடு இருக்கிறது. அழுக்கு அப்படியே இருக்கிறது, கை கூசுகிறது.

எழுந்ததா என்று உடனே எழுது.

அக்கா

ஹாஸ்டல்,
செப்டம்பர் 16

அன்புள்ள அக்கா,

எழுந்தது.

நான் சுகம், நீங்கள் சுகமா என்று கேட்க மறந்து ஆரம்பித்துவிட்டேன், மன்னித்துக்கொள். தட்டில் உன் பாசியை வைத்துத் தண்ணீர் விட்டு, பிழிந்து, மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். மணல், தூசி, ஒரு எறும்பின் கால். அந்தக் குப்பைக்கு நடுவில் சின்னச் சின்ன பீப்பாய்கள். பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்று உப்பியது. சுருக்கம் ஒவ்வொன்றாகப் பிரிந்தது. பின்பக்கத்திலிருந்து ஒரு கால் வந்தது, நகத்தால் எதையோ தேடியது, கிடைத்த மணலைப் பிடித்துக்கொண்டது. அப்புறம் இன்னொரு கால். உடம்பு கண்ணாடியாக இருப்பதால் உள்ளே ஓடுவதெல்லாம் தெரிகிறது. நம் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் இத்தனை காலம் இது நடந்துகொண்டிருந்திருக்கிறது அக்கா. நீ துணி அலசிய தண்ணீர்தான் அதற்கு மழை. நான் எழுந்து வெளியே ஒரு நடை போய்விட்டு வந்தேன். பார்க்கிற சுவரெல்லாம் வேறு மாதிரி இருந்தது.

மேடத்துக்கும் சந்தோஷம்தான். ஆனால் அவர் சொன்னார், "புதுசாக் காஞ்சது எழுந்திரிக்கிறது எல்லாருக்கும் தெரியும். பல வருஷம் காஞ்சது, தேதி தெரிஞ்சது, மருந்து படாதது கொண்டா. அதுல ஒண்ணு எழுந்தா அது ஆராய்ச்சி." எங்கள் காட்சிக்கூடத்தில் பழைய பாசி நிறைய இருக்கிறது, எல்லாம் பூச்சி மருந்து அடித்தது. உன் அந்துருண்டை மாதிரிதான். ஜனவரி முடிவதற்குள் கிடைக்காவிட்டால் தலைப்பை மாற்றிக்கொண்டு, ஜூனியர்களோடு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கூடப் படித்தவர்கள் எல்லாம் போய்விடுவார்கள். எனக்கு அதைவிட, இந்தக் கேள்வியை விட்டுவிட்டுப் போவதுதான் தாங்கவில்லை.

பழைய புத்தகங்களுக்குள், போட்டோ சட்டத்துக்குப் பின்னால், எங்கேயாவது காய்ந்த பாசி இருந்தால் சொல்.

சுண்டு

வீடு,
அக்டோபர் 4

அன்புள்ள சுண்டு,

இங்கே சுகம். உன் கடிதத்தை அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். அவர் எழுந்து போய்ச் சுவரைப் பார்த்துவிட்டு வந்தார். இப்போதெல்லாம் அந்தக் கல்லில் துணியை ஓங்கி அடித்துத் துவைக்க மாட்டேன் என்கிறது கை.

புத்தகம் புத்தகமாக உதறிவிட்டேன். போட்டோக்களை எல்லாம் கழற்றினேன். பழைய பெட்டிகள், மாடிப்படிக்கு அடியில் இருக்கும் மூட்டைகள், எல்லாம் பார்த்தாயிற்று. அலமாரி மேல் இருக்கிற அட்டைப்பெட்டியைத் தவிர.

அதில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும். அதனால்தான் நீ அதை மட்டும் எழுதவில்லை என்று எனக்கும் தெரியும். துரை பள்ளிக்கூடத்துக்குச் செய்த காடு. நீங்கள் இரண்டு பேரும் கரண்டியால் சுரண்டிய பாசிதான் அதில் புல். அவன் போன அன்றைக்குக் கயிறு கட்டினேன், ஒன்பது வருஷமாகிறது.

நீ எழுதியதை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். கடுகளவுகூட இல்லாத ஒரு பிராணிக்கு, உயிர் போய்த் திரும்பி வருகிற வரத்தைக் கொடுத்தவன்

அதற்கு மேல் எழுதியதை அடித்துவிட்டேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படிக்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

ஹாஸ்டல்,
அக்டோபர் 12

அன்புள்ள அக்கா,

நான் சுகம். வெளிச்சத்தில் பிடிக்கவில்லை.

பெட்டியை நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். எங்கள் சீனியரின் ஊரில் ஒரு பழைய கட்டடத்தை இடிக்கிறார்களாம், அங்கே ஏதாவது கிடைக்கும். நீ கவலைப்படாதே. அலமாரி மேல் இருப்பது அங்கேயே இருக்கட்டும்.

பதில் எழுது.

சுண்டு

ஹாஸ்டல்,
டிசம்பர் 8

அன்புள்ள அக்கா,

நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் "ஆச்சு" என்கிறாய், நானும் "ஆச்சு" என்கிறேன். கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது.

இடித்த கட்டடத்தில் பாசி இருந்தது, எந்த வருஷத்தது என்று சொல்ல ஆள் இல்லை. மேடம் புதுத் தலைப்புக்குப் புத்தகங்கள் எடுத்துக் கொடுத்துவிட்டார். நல்ல தலைப்புதான். நான் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். இதற்காக நீ எதையும் யோசிக்க வேண்டாம் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

எனக்குத் தோன்றியதை ஒரு தடவை எழுதிவிடுகிறேன், அப்புறம் எழுத மாட்டேன். அன்றைக்குச் சுவரில் கரண்டியைப் போட்டபோது எனக்குப் பதினாலு வயது. அவனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டு பேரும் மாறி மாறிச் சுரண்டினோம். "மெதுவா சுரண்டு, வலிக்கும்" என்று அவன் சொன்னான். எனக்கு வலிக்கும் என்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். பாசிக்குச் சொன்னான் என்று இந்த வருஷம்தான் புரிகிறது.

சுண்டு

வீடு,
ஜனவரி 6

அன்புள்ள சுண்டு,

இரண்டு பேரும் சுகம். பதில் எழுதாததற்கு உடம்பு காரணமில்லை.

உன் கடிதத்தை மேஜை மேலேயே வைத்திருந்தேன். அத்தானும் படித்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்டூலைக் கொண்டுவந்து அலமாரி முன்னால் போட்டார். "எடுக்கட்டுமா?" என்றார். "தூசியா இருக்கும்" என்றேன். "இருந்துட்டுப் போகட்டும்" என்று ஏறினார்.

எனக்கு இருந்தது ஒரே பயம்தான். தண்ணீர் விட்டு, அதில் ஒன்றும் எழுந்திருக்காவிட்டால், இன்னொரு தடவை ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கிற மாதிரி இருக்குமே என்று. கட்டி வைத்திருக்கிற வரைக்கும் இல்லை என்று யாரும் சொல்ல முடியாதல்லவா. இதை யாரிடமும் சொன்னதில்லை. உன் அத்தானிடமும்.

கயிற்றை வெட்டாமல் அவிழ்த்தோம். எல்லாம் அப்படியே இருக்கிறது. குச்சி மரங்கள், உடைந்த கண்ணாடித் துண்டில் செய்த குளம், ஓரத்தில் அவன் விரல் பட்ட பசை. புல் மட்டும் பழுப்பாகிவிட்டது. மூடிக்குள்ளே மிஸ் ஒட்டிய சீட்டு. தேதி இருக்கிறது, இருபதுக்குப் பதினெட்டு என்று மார்க் இருக்கிறது. கீழே சிவப்பு மையில், 'நல்ல முயற்சி. காட்டில் மிருகம் இல்லை.'

அன்றைக்கு அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தது ஞாபகம் இருக்கிறதா? நான்கூட, "ஒரு பொம்மைப் புலியாவது வெச்சிருக்கலாம்லடா" என்றேன். "இருக்கும்மா. எல்லாம் உள்ள ஒளிஞ்சிட்டிருக்கு. கிட்ட வந்து மிஸ் சத்தம் போட்டா எப்படி வெளிய வரும்?" என்றான். அடுத்த வாரம் காய்ச்சல் வந்தது.

வீட்டில் நான் அந்துருண்டை போடாத பெட்டி இது ஒன்றுதான். போட வேண்டுமானால் திறக்க வேண்டுமே.

குளத்துக்குப் பின்னால், எடுத்தது தெரியாத மூலையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்திருக்கிறேன். அதே கரண்டியால், மெதுவாகத்தான். சீட்டு உள்ளே இருக்கிறது. என்ன ஆனாலும் மறைக்காமல் எழுது.

அக்கா

ஹாஸ்டல்,
ஜனவரி 24

அன்புள்ள அக்கா, அத்தானுக்கும்,

இரண்டு பேரும் உட்கார்ந்துகொண்டு படியுங்கள். நான் சுகம்.

கவரை நான் யாருக்கும் காட்டவில்லை. பாதியை அப்படியே பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு மீதியைத் தட்டில் போட்டுத் தண்ணீர் விட்டேன். பீப்பாய்கள் இருந்தன. நிறைய உடைந்திருந்தன, சில வெறும் தோல். முழுசாக இருந்தவை உப்பின, அதோடு நின்றுவிட்டன. அன்றைக்கு ஒன்றும் இல்லை. மறுநாளும் இல்லை. சீனியர் வந்து பார்த்துவிட்டு, "விடு, தலைப்பை மாத்திக்கலாம்" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். உனக்கு எப்படி எழுதுவது என்று வார்த்தை தேட ஆரம்பித்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் தட்டைக் கழுவுவதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை வைத்துப் பார்த்தேன். ஓரத்தில் ஒன்று. ஒரு நகம் அசைந்தது. தட்டு ஆடியிருக்கும் என்று நினைத்து மேஜையிலிருந்து கையை எடுத்துவிட்டேன். மூச்சைக்கூட அந்தப் பக்கம் விடவில்லை. மறுபடி அசைந்தது. கால் நீண்டது, மடங்கியது, நீண்டது. அதற்குள் வெயில் ஜன்னலிலிருந்து மேஜைக்கு நகர்ந்துவிட்டது. எட்டுக் காலும் வெளியே வந்தபோது அது ஒரு பாசித் தண்டைப் பிடித்துக்கொண்டு, தள்ளாடி, ஒரு அடி வைத்தது.

அக்கா, அவன் பெட்டியில் ஒட்டியபோது இது அந்தப் புல்லில் நடந்துகொண்டிருந்தது. அவன் கை பட்டு ஆடியிருக்கும். அதற்கு அப்புறம் இதற்கு ஒன்றும் நடக்கவில்லை. நமக்கு நடந்ததெல்லாம் இதற்குத் தெரியாது. அந்த அடிக்கும் இந்த அடிக்கும் நடுவில் ஒன்பது வருஷம் இருக்கிறது.

மேடத்தைக் கூப்பிட்டேன். வெகுநேரம் குனிந்தபடியே இருந்தார். நிமிர்ந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "எங்கேர்ந்து?" என்று கேட்டார். எங்க அக்கா பையன் செய்த காட்டிலிருந்து என்றேன். இந்த ஊரில் நான் அவனைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. பேச ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை, அவர் நிறுத்தச் சொல்லவும் இல்லை. தலைப்பு மாறவில்லை.

எங்கள் வழக்கப்படி ஒவ்வொரு பாசிக்கும், எங்கே கிடைத்தது, எப்போது, சேகரித்தவர் யார் என்று எழுத வேண்டும். சேகரித்தவர் என்ற இடத்தில் அவன் பள்ளிக்கூடப் பெயரை முழுசாக எழுதினேன். அதற்குக் கீழே என் பெயர், தூக்கி வைத்திருந்ததற்காக.

மிஸ்ஸின் சீட்டுக்குப் பதில் இது. காட்டில் மிருகம் இருந்தது.

சுண்டு

வீடு,
பிப்ரவரி 9

அன்புள்ள சுண்டுவுக்கு,

நாங்கள் இருவரும் மிகவும் சுகம். எழுதிப் பார்க்கிறேன், பொய்யாகத் தெரியவில்லை.

உன் கடிதத்தை அத்தானுக்கு வாசித்தேன். ஒரு அடி வைத்தது என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தி, "மறுபடி அந்த வரியைப் படி" என்றார். படித்தேன். துரை நடக்க ஆரம்பித்த அன்றைக்கு இவர் வேலையில் இருந்தார், பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருப்பார். அதை இப்போது சொல்லவில்லை. 

அது எத்தனை நாள் இருந்தது என்று எனக்கு எழுதாதே. இருந்தது என்று எழுதினாயே, அது போதும். நான் அடித்த வரியில் சாமியிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். பதில் இன்னும் வரவில்லை. இத்தனை வருஷம் கேட்காமலே கும்பிட்டுவிட்டு எழுந்துகொண்டிருந்தேன், இப்போது மறுபடி கேட்கிறேன். சாமியும் என்னோடு கொஞ்சம் கூடுதல் நேரம் உட்காருகிறார் என்று தோன்றுகிறது.

பெட்டியைத் திரும்ப அலமாரி மேல் ஏற்றவில்லை. கூடத்தில், வெயில் படாத பக்கமாக மேஜை மேல் இருக்கிறது. துடைக்கவில்லை, அழுக்கோடுதான் இருக்கிறது. நேற்று மாடி வீட்டு அம்மா வந்தாள். தங்கச்சி படிப்பு முடிகிறதா என்றாள். முடிகிறது என்றேன். "அன்னிக்கே கேட்டேன், நீங்க சொல்லவே இல்லையே. எதுக்குத்தான் படிக்கிறா?" என்றாள்.

"எங்க வீட்ல ஒரு காடு இருக்கு. அதுல மிருகம் இருக்கான்னு பாக்கறதுக்குப் படிக்கிறா" என்றேன்.

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பார்க்கலாமா என்று கேட்டாள். வாங்க என்று கூடத்துக்குள் கூட்டிக்கொண்டு போனேன். அவள் பேசிக்கொண்டே வந்தாள். நான் வாயில் விரலை வைத்து, சத்தம் போடாமல் வரச் சொன்னேன்.

உன் அக்கா